வயிற்றில் ஐந்து மாதக் குழந்தை, பித்தப்பையில் கல்: அறுவை சிகிச்சை இப்போதா, பிரசவத்துக்குப் பிறகா?

வடசென்னையில் வீட்டுவசதிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாவது மாடியில் வசிக்கும் 26 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். இது அவருக்கு இரண்டாவது கர்ப்பம், 19 வாரம். மூத்த மகளுக்கு மூன்று வயது; சுகப்பிரசவத்தில் பிறந்தவள். கணவருக்குத் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. மாமியாரும் உடன் இருக்கிறார்.

நான்காம் மாதத் தொடக்கத்தில் உறவினர் திருமணத்தில் பிரியாணி சாப்பிட்டு வந்த இரவு, வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுப்பதுபோல் வலி வந்திருக்கிறது. வாய்வு என்று நினைத்து ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்திருக்கிறார். தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்டதும் வலி அடங்கிவிட்டது. ஒரு மாதம் கழித்து நள்ளிரவில் அதே வலி. இந்த முறை முதுகு வரை சுற்றிக்கொண்டு, விடியும் வரை வாந்தியும் நிற்கவில்லை. தனியார் மருத்துவமனை ஒன்றில் நான்கு நாள் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். ஸ்கேனில் பித்தப்பையில் பல சிறு கற்கள்; பெரியது 6 மில்லிமீட்டர், சிறியது 3 மில்லிமீட்டர். கணையம் லேசாக வீங்கியிருப்பதாக டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இருக்கிறது. "அதைப் பற்றி யாரும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை" என்கிறார்.

அங்கே பார்த்த அறுவை சிகிச்சை நிபுணர், இரண்டு வாரத்துக்குள் பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்றிருக்கிறார். ஸ்கேனை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்த இன்னொரு மருத்துவர், பிரசவம் வரை பொறுக்கலாம் என்றிருக்கிறார். கர்ப்பத்தில் வயிற்றில் கத்தி வைத்தால் பிள்ளை தங்காது என்பது மாமியாரின் அச்சம். முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே தெருவில் ஒரு பெண்ணுக்கு அப்படி நடந்ததை அவர் நேரில் பார்த்திருக்கிறார். பிரசவத்தின்போது சிசேரியன் செய்து, அப்படியே இதையும் எடுத்துவிட்டால் ஒரே செலவாகப் போகும் என்பது கணவரின் யோசனை. மயக்க மருந்து குழந்தையைப் பாதிக்குமா, கல் சிறியதுதானே, வாழைத்தண்டுச் சாற்றில் கரைக்கக்கூடாதா, கணவர் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். "எது செய்தாலும் பழி என்மேல்தான் வரும்போலிருக்கிறது டாக்டர்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். பித்தப்பையில் கல் வந்தது உங்கள் குற்றமில்லை, பிரியாணியின் குற்றமும் இல்லை. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடும்போது பித்தநீரில் கொழுப்பு அதிகமாகக் கலக்கிறது. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடும்போது பித்தப்பை சுருங்கி விரியும் வேகம் குறைகிறது. தேங்கி நிற்கும் பித்தநீரில் கொழுப்பு படிந்து முதலில் சேறாகவும் பிறகு கல்லாகவும் இறுகுகிறது. அடுத்தடுத்துக் கருவுறும் பெண்களுக்கு இதற்கான வாய்ப்பு இன்னும் கூடுதல். எண்ணெய்ச் சாப்பாடு செய்வதெல்லாம், உள்ளே இருக்கும் கல்லை அசைத்து வலியைக் கிளப்பிவிடுவதுதான்.

உங்களுக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னதைக் கேட்டுக் குழம்பிப் போயிருக்கிறீர்கள். என் பார்வையில், அவர்கள் இருவரும் வெவ்வேறு நோயாளியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இரண்டாவது மருத்துவரிடம் நீங்கள் காட்டியது ஸ்கேன் தாள் மட்டும். வலி இல்லாமல், தற்செயலாக ஸ்கேனில் கல் தெரிந்த கர்ப்பிணிக்கு நானும் பொறுக்கத்தான் சொல்வேன். பித்தச் சேறு பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு தானாகவே மறைந்துவிடும். சிறு கற்கள்கூடச் சிலருக்கு மறைவதுண்டு. வலியில்லாத கல்லுக்காகக் கர்ப்பத்தில் யாரும் அறுவை சிகிச்சை செய்வதில்லை.

ஆனால் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் கணையம் பற்றி ஒரு வரி இருக்கிறதே, உங்கள் விஷயத்தை முடிவு செய்வது அந்த வரிதான். நீங்கள் எழுதி அனுப்பிய ரத்தப் பரிசோதனையில், கணையம் சுரக்கும் லைபேஸ் என்ற நொதியின் அளவு அந்த ஆய்வகத்தின் உச்சவரம்பைப்போல் நான்கு மடங்குக்கு மேல் இருக்கிறது. மூன்று மடங்கைத் தாண்டி, வயிற்று வலியும் சேர்ந்திருந்தாலே அதைக் கணைய அழற்சி என்று கொள்கிறோம். பித்தப்பையிலிருந்து நழுவிய ஒரு கல், பித்தநாளமும் கணைய நாளமும் ஒன்றாகக் குடலில் திறக்கும் வாயில் சிக்கி, பிறகு வழிவிட்டுப் போயிருக்கிறது. இந்த முறை போய்விட்டது. பையில் மிச்சம் இருப்பவை அடுத்த முறையும் அப்படியே போய்விடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இதனால்தான் "கல் சிறியதுதானே" என்ற ஆறுதலை நான் உங்களுக்குத் தர முடியவில்லை. பெரிய கல் பெரும்பாலும் பைக்குள்ளேயே கிடக்கும், இல்லாவிட்டால் பையின் கழுத்தை அடைக்கும். 3 மில்லிமீட்டர் கல்தான் நாளத்துக்குள் இறங்கும். கணையத்துக்குக் கேடு செய்வது அந்தச் சிறிய கல்தான்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு

உங்கள் வீட்டில் நடக்கும் பேச்சு முழுவதும், அறுவை சிகிச்சை ஒரு பக்கம், குழந்தையின் பாதுகாப்பு இன்னொரு பக்கம் என்று வைத்துக்கொண்டு நடக்கிறது. அப்படி வைத்துப் பார்த்தால் எந்தத் தாயும் குழந்தையைத்தான் தேர்ந்தெடுப்பாள். உண்மையில் உங்கள் முன் இருப்பது, உடம்பு தேறியிருக்கும் இந்த நேரத்தில் நாள் குறித்துச் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சையா, அல்லது ஏழாம் எட்டாம் மாதத்தில் காய்ச்சலும் வாந்தியுமாக நள்ளிரவில் அவசரமாகச் செய்ய வேண்டி வரக்கூடிய அறுவை சிகிச்சையா என்பதுதான். வலி வராமலே பிரசவம் வரை போய்ச் சேரும் வாய்ப்பும் இருக்கிறது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டு முறை வலி வந்து, கணையமும் ஒரு முறை வீங்கிய பிறகு, அந்த வாய்ப்பை நம்பி இன்னும் இருபது வாரம் உட்கார்ந்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் மாமியார் பார்த்த அந்தப் பெண்ணைப் பற்றி யோசித்தேன். அவர் பயம் பொய்யில்லை. ஒரு சாவை நேரில் பார்த்தவர் பேசும் பேச்சு அது. அவரிடம் ஒன்று மட்டும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்: அந்தப் பெண்ணை எத்தனை நாள் வலிக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்? கர்ப்பத்தில் வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு குழந்தையை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு, இழப்புக்குக் காரணம் கத்தி அல்ல. அதற்குள் முற்றிப்போயிருந்த நோய். சீழ், காய்ச்சல், ரத்தத்தில் பரவிய கிருமி, கடும் கணைய அழற்சி ஆகியவைதான் கருப்பையைத் தூண்டிக் குறைப்பிரசவத்தைக் கொண்டுவருகின்றன. பயத்தால் தள்ளிப்போடுவார்கள், தள்ளிப்போட்டதால் நோய் முற்றும், முற்றிய நிலையில் அறுவை மேசைக்குக் கொண்டுவருவார்கள், குழந்தை போய்விடும். பார்த்தவர்கள் மனத்தில் மேசை மட்டும் நின்றுவிடும்.

ஏறத்தாழ 500 கர்ப்பிணிகளில் ஒருவருக்கு, மகப்பேற்றோடு தொடர்பில்லாத வயிற்று அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. அவற்றில் முதலிடம் குடல்வால் அழற்சிக்கு, அடுத்த இடம் பித்தப்பைக்கு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவாகப் பேசுகிறது: மருத்துவ ரீதியாகத் தேவைப்படும் அறுவை சிகிச்சையை, எத்தனையாவது மாதமாக இருந்தாலும், கர்ப்பிணி என்பதற்காக மறுக்கவும் கூடாது, தாமதப்படுத்தவும் கூடாது, தள்ளிப்போடக் கூடியதை மட்டும் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். இதைப் படிக்கும் மற்ற வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை: குடல்வால் அழற்சி என்று உறுதியானால் இத்தனை யோசனைக்குக்கூட நேரமில்லை. அது வெடித்த பிறகு கருவை இழக்கும் அபாயம் பல மடங்காகிறது. சூலகம் முறுக்கிக்கொண்டாலும் அப்படியே, மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

ஏன் இந்த வாரங்கள்?

நீங்கள் இப்போது 20-ஆவது வாரத்தைத் தொட்டிருப்பீர்கள். கருப்பையின் மேல் விளிம்பு ஏறத்தாழத் தொப்புள் அளவுக்கு வந்திருக்கும். குழந்தையின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதம் தாண்டிவிட்டது. விலா எலும்புக் கூட்டின் கீழே, சிறு துளை வழியே செலுத்தும் லேப்ராஸ்கோப் கருவிகளுக்கு இன்னும் தாராளமாக இடம் இருக்கிறது. எட்டாம் மாதத்தில் இந்த இடம் இருக்காது. கருப்பையைத் தொடாமல் வேலை செய்வது கடினம், அப்போது பிரசவ வலி தூண்டப்படும் வாய்ப்பும் கூடுதல். கடைசி மூன்று மாதங்களில் செய்யவே முடியாது என்று சொல்லவில்லை, தேவைப்பட்டால் செய்கிறோம். ஆனால் நாள் குறிக்கும் உரிமை நம் கையில் இருக்கும்போது, 14 வாரத்துக்கும் 26 வாரத்துக்கும் இடைப்பட்ட காலத்தைத்தான் நாங்கள் விரும்பித் தேர்ந்தெடுப்போம்.

சிசேரியனோடு சேர்த்து எடுக்கும் யோசனையைக் கணவர் கைவிடட்டும். சிசேரியன் வெட்டு அடிவயிற்றில் போடுவது. பித்தப்பை இருப்பது கல்லீரலுக்கு அடியில். அந்த வழியாக இங்கே எட்டாது, மேலே தனியாகத் திறக்க வேண்டும். தவிர, முதல் குழந்தையைச் சுகப்பிரசவத்தில் பெற்ற உங்களுக்குச் சிசேரியன் எதற்கு? பித்தப்பையை இப்போது எடுத்துவிட்டாலும் நீங்கள் சுகப்பிரசவத்துக்குத் தகுதியானவர்தான். நான்கு சிறிய துளைகளின் தழும்பு, முக்கும்போது பிரிந்துவிடாது. பிரசவத்துக்குப் பிறகு என்று தள்ளிவைத்தால், அப்போது கையில் பச்சைக்குழந்தை, தூக்கமில்லாத இரவுகள். கல்லின் தொந்தரவு பலருக்கு அந்த முதல் சில மாதங்களில்தான் கூடுகிறது.

மயக்க மருந்தும் அந்த ஒரு நாளும்

இன்று வழக்கத்தில் இருக்கும் மயக்க மருந்துகள் எதுவும், சரியான அளவில் கொடுக்கும்போது, மனிதக் கருவில் ஊனத்தை உண்டாக்குவதாகக் காட்டப்படவில்லை. மருந்து தொப்புள்கொடி வழியே குழந்தைக்கும் போகும் என்பது உண்மை. நீங்கள் தூங்கும்போது அதுவும் தூங்கும். அதனால் அறுவை சிகிச்சை முடிந்து சில மணி நேரம் அசைவு தெரியாமல் போகலாம். பதற வேண்டாம், இதயத் துடிப்பைக் கருவி வைத்துக் கேட்டுச் சொல்வார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கப்படும் மயக்கம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்குமோ என்று 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை விடுத்தது. அது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களைப் பற்றியது. சிக்கலில்லாத பித்தப்பை அறுவை சிகிச்சை பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இப்போதே செய்துகொள்ள இதுவும் ஒரு காரணம்.

அன்று என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். முந்தைய இரவு லேசான சாப்பாடு, பிறகு வெறும் வயிறு. உள்ளே போவதற்கு முன் குழந்தையின் துடிப்பைக் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். மேசையில் படுத்ததும் வலது இடுப்புக்கு அடியில் ஒரு திண்டு வைத்து, உடலைச் சற்று இடப்பக்கம் சாய்ப்பார்கள். கருப்பையின் எடை பெரிய ரத்தக்குழாயின் மேல் அழுந்தினால் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும் என்பதற்காகத்தான் அந்தத் திண்டு. காலில் ரத்தம் உறையாமல் இருக்க அழுத்திப் பிடிக்கும் உறை மாட்டுவார்கள். வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு வாயுவைக் குறைந்த அழுத்தத்தில் வைத்துக்கொள்வார்கள். முதல் துளையை, கருப்பை எவ்வளவு உயரம் என்று பார்த்து அதற்கு மேலே போடுவார்கள். கண் விழித்ததும் வலது தோள்பட்டை வலித்தால், அது மிச்சமிருக்கும் வாயுவின் வேலை. ஓரிரு நாளில் போய்விடும். அன்று மாலையே எழுப்பி நடக்கச் சொல்வார்கள். மறுத்துப் படுத்துக்கொள்ளாதீர்கள், கர்ப்பிணிக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அபாயமே இல்லை என்று எந்த மருத்துவரும் சொல்லக்கூடாது. ரத்தக்கசிவு, துளையில் சீழ், ஆயிரத்தில் சிலருக்குப் பித்தநாளத்தில் காயம், உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் துளையை விட்டுத் திறந்த அறுவைக்கு மாற வேண்டிய நிலை ஆகியவை எல்லாருக்கும் பொதுவானவை. கர்ப்பிணி என்பதால் கருப்பை சுருக்கம் ஏற்படும் சிறிய அபாயமும் சேர்கிறது. பிரசவ வலியைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே எல்லாருக்கும் கொடுப்பதில்லை. சுருக்கம் தெரிந்தால் கொடுப்பார்கள். உங்கள் ஹீமோகுளோபின் 9.6 என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குத் திருப்தியில்லை. இரும்புச் சத்தை மாத்திரையாகவோ ஊசியாகவோ இந்த வாரமே முறையாகத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். அறுவை சிகிச்சைக்கும் வேண்டும், பிரசவத்துக்கும் வேண்டும்.

ரத்த அறிக்கையில் வெள்ளணுக்களும் 'அல்கலைன் பாஸ்பட்டேஸ்' என்ற நொதியும் கூடுதலாக இருப்பதை அடிக்கோடிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கர்ப்பத்தில் வெள்ளணுக்கள் இயல்பாகவே கூடும். அந்த நொதி நஞ்சுக்கொடியிலிருந்தும் வருகிறது. இந்த இரண்டையும் வைத்துப் பயப்பட வேண்டாம். மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிரூபின் கூடியிருந்தாலோ, ஸ்கேனில் பித்தநாளம் விரிந்திருந்தாலோதான் நாளத்தில் கல் தங்கியிருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்போம். அதில் கதிர்வீச்சு கிடையாது. நரம்பில் போடும் காடோலினியம் சாயம் மட்டும் வேண்டாம்.

வாழைத்தண்டும் தெருமுனை ஊசியும்

வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் எல்லாம் நம் வீடுகளில் சிறுநீரகக் கல்லுக்குக் கொடுத்துப் பழகியவை. உங்கள் கல் இருப்பது பித்தப்பையில். பெரும்பாலும் கொழுப்பால் ஆனது, சிறுநீர்ப் பாதையோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், நல்லதுதான். கல் கரையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் கலந்த வைத்தியத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். அவ்வளவு எண்ணெய் உள்ளே போனால் பித்தப்பை வேகமாகச் சுருங்கும், இருக்கும் சிறு கற்களை நாளத்துக்குள் தள்ளிவிடும். கல் கரைக்கும் ஆங்கில மருந்து ஒன்று உண்டு. அது வேலை செய்யப் பல மாதம் ஆகும், உங்களிடம் அத்தனை அவகாசம் இல்லை.

அதைவிட எனக்குக் கவலை தருவது அந்தத் தெருமுனை ஊசி. என்ன ஊசி என்று நீங்கள் எழுதவில்லை. இப்படிப்பட்ட வலிக்குச் சட்டென்று போடுவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்காக இருக்கும். 20 வாரத்துக்குப் பிறகு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி நிவாரணிகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ஒரு முக்கிய ரத்தக்குழாயையும் சுருக்கிவிடலாம். போட்ட ஒரு ஊசியை நினைத்து வருந்த வேண்டாம், அப்போது உங்களுக்கு 15 வாரம்தான். இனிமேல் மருந்துக் கடையிலோ கிளினிக்கிலோ முதல் வார்த்தையாக "ஐந்து மாதக் கர்ப்பம்" என்று சொல்லுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அடங்காத வலி என்றால், இன்னொரு மாத்திரை தேடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கையெழுத்து யாருடையது?

18 வயது நிறைந்த, சுயநினைவோடு இருக்கும் பெண்ணுக்கு, அவள் உடலில் செய்யும் சிகிச்சைக்கு அவளுடைய ஒப்புதல்தான் வேண்டும். கணவரின் ஒப்புதல் சட்டப்படி தேவையில்லை. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதை வலுவாகச் சொன்னது: நோயாளி தானே புரிந்துகொண்டு ஒப்புதல் தர வேண்டும், அவர் சார்பில் வேறொருவர் தந்தது செல்லாது, ஒன்றுக்கு ஒப்புக்கொண்டதை வைத்துக்கொண்டு வேறொன்றைச் செய்யவும் கூடாது, உயிருக்கு ஆபத்தான அவசரம் மட்டும் விதிவிலக்கு. "கணவர் கையெழுத்து இல்லாமல் தொட மாட்டோம்" என்று மருத்துவமனையில் சொன்னது பழக்கத்தால் சொன்னது. உறவினரைச் சாட்சியாகக் கையெழுத்திடச் சொல்வதில் தவறில்லை. அது உங்கள் கையெழுத்துக்கு மாற்றாகிவிடாது. உங்களுக்குத் தெரியாமல் சேர்த்தே குடும்பக் கட்டுப்பாடு செய்துவிடுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். செய்யக்கூடாது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, என்ன சிகிச்சை என்று எழுதியிருக்கும் வரியை நீங்களே படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதற்காகக் கணவரோடு மோதச் சொல்லவில்லை. அவர் பிடிவாதக்காரராக எனக்குத் தோன்றவில்லை, பயத்திலும் பணக் கவலையிலும் இருப்பவராகத் தோன்றுகிறார். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் உங்கள் அத்தையையும் அழைத்துப் போங்கள். "குழந்தையின் துடிப்பை அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பார்ப்பார்கள்" என்பதை நீங்கள் சொல்வதைவிட மருத்துவர் வாயால் அத்தை கேட்பது நல்லது. வளைகாப்பு ஏழாம் மாதத்தில்தானே? அதற்குள் தையல் ஆறி, கை நிறைய வளையலோடு உட்காரலாம்.

எங்கே செய்துகொள்வது?

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டிய ஊரில் நீங்கள் இல்லை. ராயபுரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும், அதோடு இணைந்த ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் உங்கள் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்றில் அறுவை சிகிச்சை நிபுணர்கள், மற்றொன்றில் மகப்பேறு மருத்துவர்கள். உங்களைப் போன்றவருக்கு இரு தரப்பும் கலந்து பேசுவதுதான் முக்கியம். அங்கே கட்டணம் கிடையாது. தனியாரில்தான் செய்துகொள்வது என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மருத்துவமனையும் இந்தச் சிகிச்சையும் திட்டத்தில் வருகிறதா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எந்த இடமானாலும், கர்ப்பிணிகளுக்கு லேப்ராஸ்கோப் முறையில் செய்து பழகிய நிபுணர், அழைத்தால் வரும் மகப்பேறு மருத்துவர், முழுநேர மயக்கவியல் மருத்துவர் மூவரும் இருக்க வேண்டும். 20 வாரத்தில் பிறக்கும் குழந்தையை எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவாலும் காப்பாற்ற முடியாது. இதைச் சொல்லும்போது எனக்கும் கனக்கிறது, ஆனாலும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இன்றைய நிலையில் குழந்தைக்கான பாதுகாப்பு, உங்கள் உடம்பை நோய் முற்றாமல் வைத்துக்கொள்வதுதான்.

அறுவை சிகிச்சை முடிந்து வந்ததும் ஒரு கண்டிப்பான வார்த்தை. மெட்ரோ வாட்டர் தொட்டியிலிருந்து குடத்தில் பிடித்து இரண்டு மாடி ஏற்றுவது உங்கள் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். குறைந்தது ஒரு மாதத்துக்கு அந்தக் குடம் உங்கள் இடுப்புக்கு வரக்கூடாது. படி ஏறலாம், சமைக்கலாம், மூத்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கொஞ்சலாம், தூக்க வேண்டாம். தண்ணீர் ஏற்றும் வேலையைக் கணவர் ஷிப்டுக்குப் போகும் முன் முடிக்கட்டும்.

அதுவரை, தாமதிக்காமல் கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

நாள் குறிக்கும் வரை எண்ணெயில் பொரித்தது, பிரியாணி, பர்மா பஜார் அத்தோ எதுவும் வேண்டாம். மீனை வறுக்காமல் குழம்பாக, எண்ணெய் குறைத்துச் சாப்பிடுங்கள். பட்டினி கிடக்காதீர்கள், நேரம் தவறிச் சாப்பிட்டாலும் பித்தம் தேங்கும். கீழே சொல்பவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது:

- அரை மணி நேரத்தில் தணியாத மேல்வயிற்று வலி, முதுகுக்குப் பரவும் வலி
- குளிரோடு காய்ச்சல்
- கண்ணோ சிறுநீரோ மஞ்சளாவது
- தண்ணீர்கூடத் தங்காத வாந்தி
- ரத்தப்போக்கு, நீர் கசிவு, விட்டுவிட்டு இறுகும் அடிவயிறு
- மேல்வயிற்று வலியோடு கடும் தலைவலி அல்லது கண் மங்கல்

கடைசியாகச் சொன்னதைத் தனியாக நினைவில் வையுங்கள். 20 வாரத்துக்குப் பிறகு வலது மேல்வயிற்றில் வரும் வலி எல்லாம் பித்தக்கல் வலி என்று இருந்துவிடக்கூடாது. ரத்தக்கொதிப்பு கூடிக் கல்லீரல் பாதிக்கப்பட்டாலும் அதே இடத்தில்தான் வலிக்கும். வலியோடு போகும் ஒவ்வொரு முறையும் ரத்தக்கொதிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். ஆட்டோ தேடி நேரத்தை வீணாக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இந்த வாரமே புறநோயாளிப் பிரிவுக்குப் போங்கள். தாய் சேய் நல அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, இரண்டு ஸ்கேன் அறிக்கைகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் அனைத்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். உட்கார்ந்ததும் ஸ்கேனை நீட்டாமல், கணையம் பற்றிய அந்த வரி இருக்கும் பக்கத்தை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.